பிரவுனியின் கடைவாய்ப் பல்

எங்கள் லயத்தில் ஜீவராணி அக்காவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: நாய்ப்பல் டாக்டர். அதை வைத்தவன் நான்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. தோட்டப் பாடசாலை ஆசிரியன் ஒரு கிண்டல் செய்தால் லயமே சிரிக்கும். சிரிக்காவிட்டால் பிள்ளையின் புள்ளியில் கை வைத்துவிடுவானோ என்ற பயமோ என்னவோ.

என் பெயர் மத்தேயு. நமுனுகுல மலையின் பதுளைப் பக்கச் சரிவில் இருக்கிற ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே படிப்பிக்கிறேன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா அக்காவுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். அக்கா இருமினால் எனக்குக் கேட்கும். நான் கோபத்தில் கொப்பிகளைத் தூக்கிப் போட்டால் அக்காவுக்குக் கேட்கும். மறுநாள் காலையில் "நேத்து எந்தப் புள்ள கணக்கு பெழச்சிச்சு சேர்?" என்று விசாரிப்பார்.

கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவர் அவர். புருஷன் கட்டட வேலைக்கென்று கொழும்புக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா அதற்காக யார் வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்து அழவில்லை. பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்து மகளை வளர்த்தார். முழங்கால் தேய்ந்து மலை ஏற முடியாமல் போனபோது, தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவில் வேலைக்கு ஆள் தேடினார்கள், போய்ச் சேர்ந்துகொண்டார். மகள் உயர்தரம் முடித்துவிட்டுக் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அதற்கு முந்தின வருடம், அப்புத்தளையில் ஒரு சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போன இடத்தில், கடையோரம் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியை அவள் தூக்கி வந்திருந்தாள். மண் நிறத்தில் இருந்ததால் பிரவுனி. மகள் போய்விட்டாள், பிரவுனி தங்கிவிட்டது. வேலை விட்டு வந்ததும் அக்கா அதோடு பேசத் தொடங்குவார். யார் என்ன சொன்னார்கள், நோனா என்ன சமைக்கச் சொன்னார், மகள் போனில் ஏன் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை, எல்லாம். சுவர் வழியாக நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். பதிலுக்கு வாலடிக்கும் சத்தம் மட்டும் வரும்.

பங்களாவில் தொரையின் மனைவியை எல்லோரும் நோனா என்போம். கொழும்புக்காரி, நல்ல மனம், உடைந்த தமிழ். அவர் வளர்த்த நாய் கோக்கோ, கொழுத்த லாப்ரடோர். அதற்குத் தினமும் பல் துலக்க வேண்டும் என்பது நோனாவின் சட்டம். அந்த வேலையை அக்காவிடம் கொடுத்தார். விரலில் மாட்டுகிற ரப்பர் பிரஷ், கோழி இறைச்சி வாசம் அடிக்கிற பற்பசை, இரண்டும் கொழும்பிலிருந்து வரும். மனிதர் பற்பசை நாய்க்கு ஆகாது, அது துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும் என்று முதல் பாடம். உதட்டை மெல்லத் தூக்கி, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்பது இரண்டாவது. மஞ்சளாகக் காரை பிடித்தால் ஈறு சிவக்கும், ஈறு சிவந்தால் வாய் நாறும், வாய் நாறினால் உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது. எலும்பும் கல்லும் சங்கிலியும் பல்லை உடைக்கும். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் என் மாணவர்களில் ஒருவன்கூட ஒரு பாடத்தை இப்படி உள்வாங்கி நான் பார்த்ததில்லை.

பங்களாவில் படித்ததை லயத்துக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் சிரிப்புத் தொடங்கியது. கோழிப் பற்பசைக்கு எங்கே போவது? பழைய சேலைத் துணியைக் கிழித்து, விரலில் சுற்றி, இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்து, தினமும் சாயங்காலம் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் உட்கார்ந்து பிரவுனியின் பல்லைத் தேய்ப்பார். எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து நேராகப் பீலியில் வந்து விழுகிற தண்ணீர், வெயில் நாளிலேயே எலும்பைக் கடிக்கும். அதனால்தான் வெந்நீர். பிரவுனியும் அந்தச் சூட்டுக்குப் பழகி, துணியைக் கண்டதும் தானே வாயைத் திறந்து கொடுக்கும். வெத்தலை போட்டுப் போட்டுப் பாதிப் பல்லை இழந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று, எங்களுக்கும் கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா என்று வாயைக் காட்டிச் சிரித்தார்கள். அக்கா கோபப்படவில்லை. பார்க்கவும் பார்த்தார். இரண்டு பேரிடம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர்கள் போகவில்லை.

இனி புவனேந்திரனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கீழ்ப் பிரிவுப் பிள்ளை, என் மூன்றாம் வகுப்பு மாணவன். ஒரு தெருநாய் காலில் கீறியதை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டான். ஒன்றரை மாதம் கழித்துத் தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அலறினான். நான்காம் நாள் முடிந்துபோனான். அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடத்தில் மற்றப் பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க உட்காரவில்லை, நானும் உட்காரச் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, பெரிய காகிதத்தில் சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டினேன். வெறிநாயை எப்படிக் கண்டுபிடிப்பது: வாயில் எச்சில் வடியும். சாப்பிடாது. தொட்டால் கடிக்க வரும். தண்ணீரைக் கண்டால் பயப்படும். நான்கையும் லயத்தார் பாடமாக்கினார்கள். பிள்ளைகள் பாட்டாகவே படித்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை. அதில் நான்காவதை எந்தப் புத்தகத்தில் பார்த்து எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. புவனேந்திரனைப் பார்த்து எழுதினேன்.

அதே கூட்டத்தில் என் யோசனைப்படி ஒரு மனுவும் போனது. நாய்களை எல்லாம் கட்டித்தான் வைக்க வேண்டும் என்று தோட்ட அலுவலகம் உத்தரவு போட்டது. அக்கா காலை ஆறு மணிக்குப் பங்களாவுக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவார். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பிரவுனி சங்கிலியில். சும்மா படுத்திருக்கிற நாய் இல்லை அது. சங்கிலியைக் கடித்தது. கடகடவென்று காலையிலிருந்து அந்தச் சத்தம்தான். பல் முனைகள் மழுங்குவதை அக்கா கண்டுபிடித்துச் சங்கிலியை எடுத்துவிட்டுக் கயிறு போட்டார். கயிற்றை அறுத்துக்கொண்டு பிரவுனி பங்களா வாசலில் போய் நின்றது. காவல்காரர் எச்சரித்துவிட்டுப் போனார். மறுபடியும் சங்கிலி. நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறவர்கள் வந்த அன்றைக்கும் அக்கா வேலையில் இருந்தார். கட்டிப்போட்ட நாய் உறுமவே, அவர்கள் அடுத்த லயத்துக்குப் போய்விட்டார்கள். முந்தின வருடத்து அட்டை மட்டும் அக்காவின் பெட்டியில் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை, இஸ்தோப்புத் தரையில் அக்கா ஒரு துண்டுப் பல்லைக் கண்டெடுத்தார். எனக்குக் கொண்டுவந்து காட்டினார். மேல் வரிசையில் பின்பக்கம், இறைச்சியை வெட்டுகிற பெரிய பல், நெடுக்காகப் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிகிறது என்றார். அடுத்த நாள் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிவிட்டது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, எச்சில் வடிய, சோற்றை வாயில் எடுத்துக் கீழே போட்டது. அக்கா சங்கிலியைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு நாயைக் காம்பராவுக்குள் வைத்துக்கொண்டார். பதுளைக்குக் கொண்டுபோக ஆட்டோ கேட்டார். டிரைவர் எச்சிலைப் பார்த்ததும் முடியாது என்றார். நோனா கொழும்பில். போன் எடுத்துச் சொன்னபோது, திங்கட்கிழமை வந்ததும் பங்களா ஜீப்பிலேயே மிருக வைத்தியரிடம் அனுப்பி வைப்பதாகவும், பல்லைப் பிடுங்கிவிட்டால் நாய் சரியாகிவிடும் என்றும் நோனா சொன்னாராம். அக்கா அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அதுவரை வெந்நீரில் கஞ்சி கரைத்து, நல்ல பக்கமாக ஊற்றிக் கொடுத்தார். பிரவுனி குடித்தது. வெந்நீரில் அது குடிக்கிறது என்று லயத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. பீலியடியில் பாதி லயம் துணி துவைத்துக்கொண்டிருந்தது. நாய் நாலு நாளாக வெளியே வராமல் காம்பராவையே நாற வைத்துவிட்டதென்று, கயிற்றில் பிடித்து, உடம்பு கழுவ அக்கா அதைப் பீலிக்குக் கொண்டு வந்தார். அவர் செய்த ஒரே தவறு அது. தாகத்தில் பிரவுனி தானாகவே போய்ப் பீலித் தண்ணீரில் வாயை வைத்தது. பச்சைத் தண்ணீர் பிளந்த பல்லில் பட்டதும் ஊளையிட்டுப் பின்னால் பாய்ந்தது. மறுபடியும் கிட்டப் போனது, மறுபடியும் பாய்ந்தது. துவைக்கிற சத்தம் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற துஷாந்தினி, ஆறு வயது, பிரவுனியோடு விளையாடி வளர்ந்தவள், பாவமென்று வீங்கிய கன்னத்தைத் தடவிவிட்டாள். நாய் திரும்பிக் காற்றைக் கடித்தது. பல் படவில்லை. ஆனால் பிள்ளை விழுந்து அலறினாள்.

எச்சில், சாப்பாடு, கடி, தண்ணீர். நான்கும் ஒரே இடத்தில், எல்லோர் கண் முன்னாலும்.

துஷாந்தினியின் தகப்பன் சின்னராசா எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். முரடர் இல்லை. புவனேந்திரனின் பெட்டியைத் தோளில் சுமந்த நான்கு பேரில் ஒருவர். அக்கா நாயை இழுத்துக்கொண்டுபோய் இஸ்தோப்புத் தூணில் கட்டி முடிப்பதற்குள், அவர் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கோடு வந்து நின்றார். பின்னால் கம்புகளோடு பத்துப் பன்னிரண்டு பேர். பெண்கள் பிள்ளைகளைக் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன்.

அக்கா நாய்க்கு முன்னால் நின்றார். அவர் கத்தவில்லை. பல் உடைந்திருப்பதைச் சொன்னார், நாளைக்கு ஜீப் வருவதைச் சொன்னார், கட்டித்தானே இருக்கிறது என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க சொன்னா கேப்பாங்க. அது தண்ணிக்கி பயப்படல. பச்சத்தண்ணி பல்லுல கூசுது. அஞ்சு நிமிசம் குடுக்கச் சொல்லுங்க, வெந்நி வச்சிட்டு வாறேன். எல்லாரு முன்னாடியும் குடிக்கும். குடிக்கலன்னா நானே கயித்த அவுத்துத் தாறேன்."

எனக்கு அது உண்மை என்று தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு நாளாக அந்த நாய் கஞ்சி நக்குகிற சத்தத்தைக் கேட்டவன் நான். சரி, போய் வையுங்கள் என்றேன். அக்கா என்னை நம்பி உள்ளே போனார். தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது.

சின்னராசா என்னிடம் வந்தார்.

"நீங்கதான சேர் எழுதிப் போட்டீங்க. கயிறு அறுந்துச்சுன்னா யாரு பொறுப்பு?"

பொறுப்பு என்ற சொல்தான் என்னைப் பிடித்தது. கோவில் மண்டபத்துக் காகிதம் பிழையாக இருக்கலாம் என்று அத்தனை பேர் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, என் பொறுப்பு, பொறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருவேளை எனக்குத் தெரியாத ஏதாவது இருந்து, நாளைக்கு இன்னொரு பிள்ளை போய்விட்டால்? அதைவிடச் சின்ன ஒரு பயமும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சேருக்கே தெரியவில்லை என்று ஆகிவிடுமே.

"பாத்துச் செய்யுங்க தலைவர்," என்றேன்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று எல்லோருக்கும் தெரியும். சொன்னவன் கையைக் கழுவிக்கொண்டான் என்று அர்த்தம். நான் என் வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டேன். முதல் அடி விழும்போது பிரவுனி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த ஆள்தானே சின்னராசா. இரண்டாவது அடிக்குப் பிறகு சத்தமில்லை. ஆனாலும் பயத்தில் நிறுத்தாமல் அடித்தார்கள்.

அக்கா அலுமினியச் சட்டியில் வெந்நீரோடு வெளியே வந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் விலகி நின்றார்கள். அவர் சட்டியைப் பக்குவமாகத் தரையில் வைத்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு உட்கார்ந்து, தினமும் செய்கிற மாதிரியே உதட்டைத் தூக்கி, எங்களுக்குக் காட்டினார். பெரிய பல் இரண்டாகப் பிளந்து, நடுவில் கறுத்து, ஈறிலிருந்து சீழ் வந்துகொண்டிருந்தது. நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. சின்னராசா பார்த்தார். அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

மறுநாள் ஜீப் வந்தது, திரும்பிப் போனது. சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சந்தேகம் வந்துவிட்டால் தலையைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தே ஆக வேண்டும் என்றார். அவரோடு வந்தவர்கள் அந்த வேலையைச் செய்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை அக்கா தேயிலை மலையோரம் தனியாகக் குழி வெட்டிப் புதைத்தார். உதவிக்குப் போன என்னிடம் மம்பட்டியைக் கொடுக்கவில்லை. போகிற போக்கில் பரிசோதகர் மண்டபத்துக் காகிதத்தைப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். தண்ணீருக்குப் பயப்படுவது நோய் வந்த மனிதர்தான், வெறிபிடித்த நாய் தண்ணீர் குடிக்கவும் குடிக்கும், இதை வைத்து நாயைக் கண்டுபிடிக்க முடியாது என்றார். நான்தான் எழுதியவன் என்று நான் சொல்லவில்லை. அவர் போன பிறகு காகிதத்தைக் கிழித்தேன். பிள்ளைகளின் பாட்டை எப்படிக் கிழிப்பது?

அக்காவின் கையில் வெடிப்புகள் இருந்தன, எச்சில் பட்டிருந்தது. அதனால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் தடவை நான் துணைக்கு வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் போய் வந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. யாரோடு பேசுவார்? சின்னராசா ஒரு நாட்டுக்கோழியைக் கொண்டுவந்து இஸ்தோப்பில் கட்டிவிட்டுப் போனார். அக்கா அதை அவிழ்த்துத் துஷாந்தினியிடம் கொடுத்து அனுப்பினார். லயத்தில் யாரும் நாய்ப்பல் டாக்டர் என்று சொல்வதில்லை. நான் வைத்த பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் பரிசோதகர் எனக்குப் போன் எடுத்தார். அன்று வாங்கிய இலக்கம் என்னுடையதுதான். பிரவுனிக்கு வெறி இல்லை, மிச்ச ஊசி தேவையில்லை, அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். பாடசாலை விட்டதும் பங்களாவுக்கு ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் எல்லாம் பாடப் புத்தகம் மாதிரியே வந்தன.

அக்கா சமையலறைப் படியில் உட்கார்ந்து கோக்கோவின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாய் அவர் மடியில் தலையை வைத்து வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழ் வரிசையை முடித்தார், விரலில் இருந்த பிரஷைக் கழுவினார்.

"ஒரு சட்டி தண்ணி சூடாக எவ்வளவு நேரம் ஆகும் சேர்?"

"அஞ்சு நிமிசம்," என்றேன்.

"அவ்வளவுதான் ஒங்ககிட்ட கேட்டேன்."

பிறகு கோக்கோவின் உதட்டைத் தூக்கி மேல் வரிசையைத் தேய்க்கத் தொடங்கினார்.